மூணு பேருக்குப் பைனாகுலர்

போன வருஷம் நவம்பர்ல நான் ஒரு பொய் சொன்னேன். "என் பைனாகுலர் மங்கிப்போச்சு"ன்னேன். மூணே வார்த்தை. அந்த மூணு வார்த்தைக்குத்தான் மொதலாளி மெரிட் ஸ்டோர்டால் என்னை எழுபது மைல் இழுத்துட்டு வந்து, டில்லன் ஊர்ல இந்த வேட்டைச் சாமான் கடை வாசல்ல நிறுத்தியிருக்கான்.

"நீயே பார்த்து எடுடா ஆர்வில். உனக்கு ஒண்ணு, டுவேனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. மூணும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒண்ணு அறுநூறு டாலருக்கு மேல போனா எனக்குக் காது கேக்காது, சொல்லிட்டேன்" என்றான். "கண்ணு உன்னோடது, பாக்கெட்டு என்னோடது."

நல்ல ஜோக்கு. சிரிச்சு வெச்சேன்.

மங்கினது பைனாகுலர் இல்ல, என் கண்ணு. இந்த ஆகஸ்ட்ல யாருக்கும் தெரியாம மிசூலா ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினேன். வலது கண்ணுல நடுப்பார்வை போயிடுச்சாம், திரும்பாதாம். இடது கண்ணும் அதே வழியில கிளம்பியாச்சுன்னு டாக்டர் ஏதோ பஸ் நேரம் சொல்ற மாதிரி சொன்னார். ஓரத்துல இருக்கறதெல்லாம் நல்லாத் தெரியும். எதை நேரா பார்க்கிறேனோ அது மட்டும் இருக்காது. ஒருத்தன் மூஞ்சியைப் பார்த்தா காது தெரியுது, மூக்கைக் காணோம். இடது கண்ணுல கதவுச் சட்டம் நெளியுது. இப்படி ஒரு ஆளுகிட்டத்தான் மூணு பேருக்குப் பைனாகுலர் எடுக்கச் சொல்லியிருக்கான், எங்க மொதலாளி.

இருபத்தாறு சீசனா மெரிட்கிட்ட நான் வழிகாட்டியா இருக்கேன். வெளியூர்லேர்ந்து காசு கட்டி எல்க்ங்கிற பெரிய மான் வேட்டைக்கு வர்றவங்களைக் குதிரையில ஏத்தி, மலை மேல கூட்டிட்டுப் போய், எது சுடலாம், எது கூடாதுன்னு பார்த்துச் சொல்றதுதான் என் பொழப்பு. எங்க பக்கத்துல ஆண் எல்க்கைச் சுடணும்னா அதுக்குப் புருவக்கொம்பு இருக்கணும். கொம்போட அடியில, நெத்திக்கு மேல, முன்னால நீட்டிக்கிட்டு வருமே ஒரு கிளை, அது நாலு அங்குலமாவது இருக்கணும். அந்தக் கிளை இல்லாத ஒத்தக்கொம்பனைச் சுட்டா சுட்டவனுக்கு அபராதம். வழிகாட்டிக்கும் மொதலாளிக்கும் லைசென்சே போயிடும். அரை மைல் தள்ளி, பொழுது சாயுற நேரத்துல, புதருக்குள்ள நிக்கிற மிருகத்தோட நெத்தியில நாலு அங்குலம். அதைப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம். "ஆர்வில் கூட வர்றதா இருந்தா வர்றேன்"னு லெட்டர் போட்டுக் கேட்டவங்க உண்டு. அந்தப் பெருமையில இருபத்தாறு வருஷம் நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரிஞ்சேன்.

போன நவம்பர்ல ஒஹையோக்காரர் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். எதிர் மேட்டுல ஒரு ஆண் எல்க். பத்து நிமிஷம் பார்த்தேன். நடுவுல புகை மாதிரி இருந்தது. "புருவக்கொம்பு இருக்கு, சுடுங்க" என்றேன். அவர் விசையை இழுத்தார். குளிர்ல துப்பாக்கிக்குள்ள எண்ணெய் உறைஞ்சு போய், டிக்குன்னு சத்தம் மட்டும் வந்தது. எல்க் தலையைத் திருப்பிச்சு. "ஐயா, இது ஒத்தக்கொம்பன்"னு அவரே சொன்னார், சும்மா பட்டணத்துக்காரர், கண்ணாடி போட்ட பல் டாக்டர்! அன்னிக்குச் சாயங்காலம் மெரிட்கிட்ட அந்த மூணு வார்த்தையை அவிழ்த்து விட்டேன். அவன் நம்பினான். நம்பித் தொலைஞ்சான்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமேன்னு கேப்பீங்க. சொன்னா என்ன ஆகும்? மெரிட் நல்லவன், விரட்ட மாட்டான். குதிரைக்குப் புல்லு போடுற வேலை குடுப்பான். நான் குடியிருக்கிற மரவீடும் அவன் நிலத்துலதான் இருக்கு. பரிதாபத்துல சோறு, பரிதாபத்துல கூரை. மலைக்குப் போறவங்களுக்கு டாட்டா காட்டிட்டுச் சாணி அள்ளணும். எனக்கு அம்பத்தெட்டு வயசு. வேற ஒரு மண்ணும் தெரியாது.

கடையில எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. பின்பக்கம், காலி நிலத்துக்கு அந்தாண்ட, தானியக் கிடங்கு வேலி ஓடுது. இருநூத்தம்பது கஜம் இருக்கும். அந்த வேலியில அஞ்சு ஆணி. அஞ்சுலயும் கொம்போட எல்க் மண்டை தொங்கும். எதுல புருவக்கொம்பு இருக்கு, எதுல இல்லைன்னு வாங்க வந்தவன் பொழுது சாயுற நேரத்துல பார்த்துச் சொல்லணும். நடுப்பகல்ல எந்தப் பைனாகுலரும் நல்லாத்தான் தெரியும், நாப்பது டாலர் சாமானும் ராஜா மாதிரி இருக்கும். சூரியன் இறங்கினாத்தான் அதோட சாயம் வெளுக்கும். சரியாச் சொன்னா பைனாகுலருக்குத் தோள்பட்டி இலவசம். தப்பாச் சொன்னா மறுநாள் காலையில ஊர் ஓட்டல்ல முட்டையோட சேர்த்து உங்களையும் வறுப்பாங்க. கடையைப் பார்த்துக்கிற ரோண்டா வாராவாரம் மண்டைகளை மாத்தி மாட்டுவா, யாரும் மனப்பாடம் பண்ணக் கூடாதுன்னு.

அதனால மத்தியானமே வந்து மூணு மணிக்குள்ள கிளம்பிடணும்னு கணக்குப் போட்டிருந்தேன். மெரிட் அதுல மண்ணைப் போட்டான். "எனக்கு உப்புக்கட்டி வாங்கணும், லாட ஆணி வாங்கணும், அப்புறம் செர்ரிப் பை பலகாரம் சாப்பிடணும். நீ நிதானமாப் பாரு. சாயங்காலம் வேலியைப் பார்த்துட்டுத்தான் போறோம்"னு சொல்லிட்டுப் போயிட்டான். நானும் ரோண்டாவும் மட்டும்.

ரோண்டா வேற யாரும் இல்ல, டுவேனோட பொண்டாட்டி. டுவேனும் நானும் ஒரே மலையில வேலை செய்யறோம். நான் வேட்டைக்காரரோட மேல இருப்பேன், அவன் கீழேயிருந்து புதர்ல நடந்து எல்க்கை மேல கிளப்பி விடுவான்.

"வாங்க ஆர்வில். அறுநூறுக்குள்ளதானே? மெரிட் போன்லயே அழுதுட்டார்" என்றாள். கண்ணாடிப் பலகையில அஞ்சு பைனாகுலரை வரிசையா வெச்சாள்.

வாய்க்கு ஒரு குறைச்சலும் இல்லையே எனக்கு. பேசினேன். "பன்னெண்டு மடங்கு பெருசாக்குறது வேண்டாம்மா. கை நடுக்கமும் பன்னெண்டு மடங்கு ஆகும், முக்காலி இல்லாம ஆகாது. பத்து மடங்கு, முன்கண்ணாடி நாப்பத்திரண்டு மில்லிமீட்டர், அது போதும்." ஒண்ணை எடுத்துக் கையை நீட்டி வெளிச்சத்துக்குக் காட்டினேன். "பின்னாடி தெரியுற வெளிச்சப் பொட்டு வட்டமா இருக்கணும். ஓரம் வெட்டுப்பட்டிருந்தா உள்ள மட்டமான கண்ணாடி." நடு மூட்டை மடக்கிப் பார்த்து, "இது லொடலொடங்குது, குதிரை ரெண்டு குதி குதிச்சா முடிஞ்சது" என்று தள்ளி வெச்சேன். இதுக்கெல்லாம் கண்ணு வேண்டாம். கையும் வாயும் போதும்.

ஆனா கண்ணுல வெச்சுப் பார்த்தாகணுமே. ஒவ்வொண்ணா எடுத்து எதிர்ச் சுவர்ல இருந்த எல்க் தலையைப் பார்த்தேன். சத்தியமாச் சொல்றேன், உள்ளுக்குள்ள ஒரு ஆசை இருந்தது. நல்ல கண்ணாடி ஒண்ணு வந்து அந்தப் புகையைக் கலைச்சுடாதான்னு. முதல்ல இடது கண்ணுக்கு நடுச்சக்கரத்தைத் திருப்பினேன். அப்புறம் வலது கண்ணுக்கு, அந்தப் பக்கம் இருக்கிற வளையத்தைத் திருப்பினேன். தெளியலை. இன்னும் திருப்பினேன். தெளியலை. அடுத்ததை எடுத்தேன். நானூறு டாலரும் புகை, அறுநூறு டாலரும் புகை. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்தது, இருமுற மாதிரி சமாளிச்சேன்.

நான் வெச்சதை ஒவ்வொண்ணா எடுத்து ரோண்டா துணியால துடைச்சு, வலது வளையத்தை நடுவுக்குத் திருப்பி வெச்சுக்கிட்டிருந்தாள். அஞ்சாவதை எடுத்தவ துடைக்கலை. கையிலயே வெச்சுக்கிட்டு நின்னாள்.

"ஆர்வில், அஞ்சுலயும் இந்த வளையம் கோடிக்குப் போய் முட்டிக்கிட்டு நிக்குது" என்றாள்.

"அதுக்கென்ன?"

"ஒண்ணுல இருந்தா சாமான் சரியில்லைன்னு சொல்லுவேன். அஞ்சுலயும் இருந்தா?"

"அஞ்சும் சரியில்ல. நல்ல சரக்கு வாங்கி வைம்மா."

"பதினெட்டு வருஷமா இந்தப் பலகைக்குப் பின்னாடி நிக்கிறேன். வலது கண்ணு எவ்வளவு போச்சு?"

சுத்திமுத்திப் பார்த்தேன், யாரும் இல்ல. "வாயை மூடு" என்றேன். அப்புறம், "ஒரே ஒரு சீசன் ரோண்டா. இந்த ஒரு சீசன் ஓட்டிட்டா நானே சொல்லிடுவேன்" என்றேன். இதே பேச்சைப் போன வருஷம் எனக்கு நானே சொல்லிக்கிட்டது ஞாபகம் இருந்தது. இருந்தாலும் சொன்னேன்.

"இன்னிக்கே சொல்லுங்க. மெரிட் வந்ததும் சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்."

"உன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன். காட்டிக் குடுத்துடாதே."

அவ என்னையே பார்த்தாள்னு நினைக்கிறேன். அவ மூஞ்சிதான் எனக்குத் தெரியலையே. "சரி, நான் வேலிக்குப் போய் மண்டைகளை மாத்திட்டு வரேன். இந்த வாரம் இன்னும் மாத்தலை"ன்னு சொல்லிட்டுப் பின்கதவு வழியாப் போயிட்டாள்.

அந்த அரை மணி நேரம் நான் பட்ட பாடு இருக்கே! ஓடிடலாமான்னு பார்த்தேன். எங்க ஓடறது, வண்டிச் சாவி மெரிட் பாக்கெட்டுல. தலைவலின்னு சொல்லலாமா? சொன்னா நாளைக்கு மறுபடி கூட்டிட்டு வருவான். வேலி தெரியலைன்னு சொன்னா ஏன் தெரியலைம்பான். தெரியுதுன்னு சொன்னா என்ன தெரியுதும்பான். எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் கட்டின சுவரே நிக்குது. வலையில விழுந்த முயலுக்காவது யாரோ வலை வெச்சாங்க. எனக்கு நானே வெச்சுக்கிட்டேன்.

மெரிட் வாயோரத்துல செர்ரிச் சாறோட வந்து சேர்ந்தான். "எதுடா தேறிச்சு?"

"இது" என்று நாலாவதை நீட்டினேன். மூட்டு இறுக்கமா இருந்தது, எடை குறைச்சல், ரப்பர் பிடி நல்லா இருந்தது, உடைஞ்சா காலத்துக்கும் மாத்திக் குடுப்பாங்க. கையால பார்த்ததுல அதுதான் நல்ல சாமான். அதுல நான் பொய் சொல்லலை.

"வா, வேலியில ஒரு கை பார்த்துடலாம்" என்று என் தோள்ல கை போட்டுப் பின்பக்கம் தள்ளிக்கிட்டுப் போனான்.

சூரியன் மலைக்குப் பின்னாடி போயிருந்தது. வேலி எனக்கு ஒரு சாம்பல் கோடாத் தெரிஞ்சது. கோட்டுல அங்கங்க பொட்டு. நேராப் பார்த்தா அந்தப் பொட்டும் போயிடும். ரோண்டா என் இடது பக்கம் வந்து நின்னாள். மெரிட் ஒரு அடி தள்ளி நின்னு மூக்கைச் சிந்திக்கிட்டிருந்தான். அவ என் காதுகிட்ட மெதுவாச் சொன்னாள். "மூணாவது ஆணி. அதுல மட்டும்தான் புருவக்கொம்பு."

அப்பா! உயிர் திரும்பி வந்தது. அவளைக் கட்டிப் பிடிச்சுக்கலாம் போல இருந்தது. இந்த ஊர்ல இப்படி ஒரு பொம்பளையான்னு நினைச்சேன்.

பைனாகுலரைத் தூக்கினேன். முழங்கையை விலாவுல அழுத்தி, தொப்பி விளிம்பை விரலால பிடிச்சு, இருபத்தாறு வருஷமாச் செய்யற மாதிரியே செஞ்சேன். இடது பக்கத்துலேர்ந்து மெதுவா நகர்த்தினேன். புகை, புகை, சாம்பலா ஒரு கட்டி, மறுபடி புகை. வேணும்னே நேரம் எடுத்துக்கிட்டேன்.

"முதலாவது ஒத்தக்கொம்பன். ரெண்டாவதும் அதே" என்றேன். "மூணாவதுதான் ஆளு. புருவக்கொம்பு இருக்கு. ஆறு அங்குலம் தேறும்." அதோட நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் வாய் நிக்காதே. "இடது பக்கத்துக் கொம்பு நுனியில லேசா உடைஞ்சிருக்கு. சண்டை போட்ட பய. நல்ல கண்ணாடிடா மெரிட், ரோமம் வரைக்கும் தெரியுது."

தோள்பட்டி எங்களுக்குத்தான்னு நினைச்சுச் சிரிச்சுக்கிட்டே பைனாகுலரை இறக்கினேன்.

"ஆர்வில், மறுபடி பாரு" என்றான் மெரிட்.

"எதுக்கு? பார்த்தாச்சு."

"மறுபடி பாருடா."

பார்த்தேன். அதே சாம்பல் கட்டி. "மூணாவதுதான். பந்தயம் வைக்கிறியா?"

மெரிட் என் கழுத்துல தொங்கின பழைய பைனாகுலரைக் கழட்டினான், நான் மங்கிப்போச்சுன்னு பழி போட்டேனே, அதைத்தான். கண்ணுல வெச்சு ரொம்ப நேரம் பார்த்தான். "மூணாவது ஆணியில மண்டையே இல்ல. ஓட்ஸ் சாக்கு தொங்குது. வாயைக் கட்டியிருக்கிற கயிறு கூடத் தெரியுது" என்றான்.

நான் ரோண்டா பக்கம் திரும்பினேன். "ஏண்டி!" என்றேன். அப்படி நான் எந்தப் பொம்பளையையும் கூப்பிட்டதில்ல. "உன்னைக் கும்பிட்டேனேடி! வேணும்னு செஞ்சிருக்கே! என் சோத்துல மண்ணைப் போட்டுட்டியே, உனக்கு நான் என்ன செஞ்சேன்?"

அவ கத்தலை. ரெண்டு கையையும் கட்டிக்கிட்டாள், அது என் ஓரப்பார்வையில நல்லாவே தெரிஞ்சது.

"போன நவம்பர்ல ஒஹையோக்காரரோட ஒரு ஒத்தக்கொம்பனைப் பார்த்துக்கிட்டிருந்தீங்களே, அதுக்கு நேர் பின்னாடி இருபது அடியில டுவேன் நின்னுக்கிட்டிருந்தான்" என்றாள். "ஆரஞ்சுச் சட்டை போட்டு, ஆரஞ்சுத் தொப்பி போட்டு. கையைத் தூக்கி உங்களுக்கு ஆட்டினானாம்."

"யாரும் இல்ல அங்க" என்றேன். "நான் பத்து நிமிஷம் பார்த்தேன்."

"வீட்டுக்கு வந்து என்கிட்டச் சிரிச்சுக்கிட்டே சொன்னான். 'ஆர்வில் என்னைப் பார்த்துட்டார், அதான் சுடலை, அவர் கண்ணுக்குத் தப்பாது'ன்னான். அந்த நம்பிக்கையிலதான் இந்த வருஷமும் கீழ நடக்கப் போறான். நானும் அதை நம்பிக்கிட்டுத்தான் இருந்தேன், இன்னிக்கு அஞ்சு வளையத்தைப் பார்க்குற வரைக்கும்."

மெரிட் என்னைப் பார்த்தான். "எண்ணெய் உறைஞ்சு துப்பாக்கி வெடிக்கலைன்னு ஒஹையோக்காரர் சொன்னாரே" என்றான். அவன் பக்கத்துல கிடந்த மரப்பெட்டி மேல உக்காந்து ரெண்டு கையாலயும் தலையைப் பிடிச்சுக்கிட்டான்.

ஆரஞ்சு நிறம். அரை மைல்லேர்ந்து குழந்தைக்குக் கூடத் தெரியணும்னுதான் அந்தச் சட்டையையே போடச் சொல்றாங்க. எல்க்கோட நெத்தியைப் பார்க்கிறேன்னு பத்து நிமிஷம் அங்கயே பார்த்துக்கிட்டிருந்தேன். ஒஹையோக்காரர் துப்பாக்கிக் கண்ணாடிக்குள்ள எல்க்கை மட்டும்தான் பார்த்திருப்பார், சுத்திப் பார்க்கறது என் வேலை. அவன் எனக்குக் கையை ஆட்டியிருக்கான். நான் "சுடுங்க"ன்னு சொல்லியிருக்கேன். சுவரைப் பிடிச்சுக்கிட்டேன். என் வேலை, என் வீடு, என் பேருன்னு இத்தனை நேரம் கணக்குப் போட்டுக்கிட்டிருந்தேனே, அதுல டுவேன் ஒரு தடவை கூட வரலை.

"டாக்டர்கிட்டக் காட்டினியா?" என்றான் மெரிட், தலையைத் தூக்காம.

"ஆகஸ்ட்ல. வலது முழுசாப் போச்சு. இடதும் போயிக்கிட்டிருக்கு" என்றேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு வருஷமா இதைத்தான் தூக்கிச் சுமந்தேன்.

அவன் திட்டுவான்னு நினைச்சேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். "குளிருது, உள்ள வா"ன்னு மட்டும் சொன்னான்.

கடைக்குள்ள ரோண்டா பலகைக்குப் பின்னாடி போய், மெரிட் போன்ல மூணுன்னு சொல்லி வெச்ச மாதிரியே, நாலாவது மாடல்ல மூணு பெட்டியை எடுத்து வெச்சாள். வெச்ச பிறகுதான் அவளுக்கே உறைச்சிருக்கணும். கையை எடுக்காம நின்னுட்டாள். மெரிட் தரையைப் பார்த்துக்கிட்டு நின்னான். மூணு பெட்டி. யாரும் எதையும் எடுக்கலை. அவங்க ரெண்டு பேரும் நல்லவங்க, ராத்திரி முழுக்க அப்படியே நின்னிருப்பாங்க.

கையை நீட்டித் தடவினேன். ஒரு பெட்டியை அவ பக்கம் தள்ளினேன்.

"ரெண்டு போதும்மா" என்றேன். "ஒண்ணு மெரிட்டுக்கு, ஒண்ணு டுவேனுக்கு."

அவ பெட்டியை எடுத்து அலமாரியில திருப்பி வெச்சாள்.